உழைப்பவரின் உடலும் உள்ளமும்

திருவள்ளுவர் தமது நூலில் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பத்துக் குறள்கள் கொண்ட அவ்வதிகாரத்திலே மருந்தின் பெயர் ஒன்றையேனும் அவர் கூறினாரல்லர். உண்ணும் முறையைப் பற்றியே பெரிதும் பேசுகின்றார். வைத்தியனை நோக்கிக் கூறுமிடத்தும், நோய் இன்னதென்று அறிவதோடு அமையாது, அது பிறந்த காரணத்தையும் தேடுமாறு பணிக்கின்றார். நோயின் பிறப்பிடத்தைத் தேடாத வைத்தியம் பாதி வைத்தியமே என்பது அவர் கருத்தெனக் கொள்ளலாம்.

அப்பிறப்பிடத்தை இன்று நாம் எங்கே தேடுகின்றோம்? நோயாளியின் உணவிலே தேடுகின்றோம், இரத்தத்திலே தேடுகின்றோம், தாய் தந்தையரின் பரம்பரையிலே தேடுகின்றோம். மனம் நொந்தவர் என்றால் அவருடைய குணத்திலேயே தேடிவிடுகின்றோம். “அவருக்கு மனப்பலம் போதாது” என்ற ஒரு வார்த்தையோடு விசாரணை முடிந்துவிடுகின்றது. ஆனால், விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதியை மனிதன் கழிக்கும் இடமொன்று உண்டு. அது அவனுடைய வேலைத்தலம். கந்தோராயினும், பாடசாலையாயினும், ஆலையாயினும், தேயிலை மலையாயினும் அவன் உடலையும் உள்ளத்தையும் நாள்தோறும் உருவாக்குவதில் அதற்குப் பெரும்பங்குண்டு. அங்கு சென்று தேடியவர் சிலரின் வரலாற்றை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்தவன் நான், வைத்தியனல்லன். ஆயினும் இவ்வரலாறு வைத்தியர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது என் துணிபு.

தொழிலைக் கேட்ட வைத்தியர்

இத்தாலி நாட்டிலே மொடேனா என்னும் நகரிற் பெர்னார்டினோ ரமசீனி என்றொரு வைத்தியர் வாழ்ந்தார். அவர் பிறந்தது 1633ஆம் ஆண்டு. ஒருநாள் அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய வந்த தொழிலாளி மிகுந்த அவசரத்தோடு வேலை செய்வதைக் கண்டு, இவ்வளவு பதற்றம் எதற்கு என்று வினவினார். அக்குழிக்குள் நெடுநேரம் நின்றால் கண் பார்வை கெட்டுவிடும் என்றும், அத்தொழில் செய்வோர் பலர் குருடராகிப் பிச்சையெடுக்கின்றனர் என்றும் அத்தொழிலாளி விடை பகர்ந்தான். அவ்விடை ரமசீனியை உறங்கவிடவில்லைப் போலும். சுரங்கம், குயவர் சாலை, கண்ணாடிப் பட்டறை என்று தொழிலாளர் இருக்கும் இடங்களுக்கெல்லாம் அவர் தாமே சென்று விசாரித்தார். 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

அக்காலத்து வைத்தியர்கள் நோயாளியிடம் பல கேள்விகள் கேட்பது வழக்கம். அவற்றோடு இன்னுமொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் ரமசீனி. “உமது தொழில் யாது?” என்பதே அக்கேள்வி. 1713ஆம் ஆண்டு வெளியான விரிவுபடுத்திய பதிப்பிலே லிகிதரின் நோய்களைப் பற்றியும் அவர் எழுதினார். ஓயாது உட்கார்ந்திருத்தல், ஒரே திசையிற் கையை அசைத்துக்கொண்டிருத்தல், பிழை நேராமல் எழுதவேண்டுமென்ற மனத்தவிப்பு ஆகிய மூன்றையும் அந்நோய்களுக்குக் காரணமாகக் காட்டினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உடலையும் மனத்தையும் அவர் ஒன்றாகவே வைத்து நோக்கினார் என்பது கவனிக்கத்தக்கது. இன்று கணினியின் முன்னே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தருக்கு இம்மூன்றில் எது பொருந்தாது?

இரண்டு தட்டு பஸ் வண்டி

ரமசீனி கேட்ட கேள்வியை எண்களைக் கொண்டு கேட்டவர் பிரித்தானியரான ஜெரமி மொறிஸ் என்னும் வைத்தியர். இரண்டாவது உலகப் போர் முடிந்தபின் அந்நாட்டிலே மாரடைப்பினால் நடுவயதினர் இறப்பது பெருகியது. காரணம் புலப்படவில்லை. தொழிலுக்கும் அதற்கும் தொடர்புண்டோ என மொறிஸ் ஐயுற்றார். ஐயத்தைச் சோதிப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஆராய்ச்சிசாலையன்று. இலண்டன் நகரத்துத் தெருக்களிலே ஓடிய இரண்டு தட்டுச் சிவப்பு பஸ் வண்டி.

அவ்வண்டியிலே இருவர் வேலை செய்தனர். ஒருவர் சாரதி, மற்றவர் கொண்டக்டர். இருவரும் ஒத்த வகுப்பினர்; ஒரே நகரத்திலே, ஒரே நிறுவனத்திலே, ஒரே புகையையும் ஒரே மழையையும் அனுபவித்து உழைத்தவர்கள். வேறுபாடு ஒன்றுதான். சாரதி தம் வேலை நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உட்கார்ந்திருப்பார். கொண்டக்டரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு வேலை நாளில் ஏறத்தாழ 600 படிகளை அவர் ஏறினார் எனக் கணக்கிட்டனர். இலண்டன் போக்குவரத்து ஊழியராகிய சுமார் 31,000 ஆண்களின் நோய்க் குறிப்புகளை மொறிஸ் குழுவினர் ஆராய்ந்தனர். கொண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தபோதும் உடனே உயிர் போவது சாரதிகளைவிட மிகக் குறைவாயிருந்தது. தபாற் பகுதியினரிடையிலும் இதே காட்சி. நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் கடிதம் கொண்டுசென்றோர், இருந்தவிடத்தை விட்டு எழாத லிகிதரிலும் தொலைபேசி இயக்குநரிலும் நலமாயிருந்தனர். இம்முடிவுகள் 1953ஆம் ஆண்டு லான்செற் என்னும் வைத்தியச் சஞ்சிகையில் வெளிவந்தன.

மொறிஸ் அவசரப்படவில்லை. உடல் பருத்தவரே சாரதி வேலையை நாடிச் சென்றிருக்கலாமன்றோ? அவ்வாறாயின் குற்றம் இருக்கையில் இல்லை, இருந்தவரில் உண்டு என்றாகிவிடும். இதனை அறிய அவர் கையாண்ட உபாயம் சுவையானது. நிறுவனம் ஊழியருக்குச் சீருடை வழங்கியபோது குறித்துவைத்த இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். சாரதிகளின் காற்சட்டைகள் இளவயதிலேயே சற்று அகலமானவையாக இருந்தன. இதனை ஒளிக்காமல் 1956ஆம் ஆண்டு அவரே வெளியிட்டார். எனினும், இடுப்பளவு ஒத்தவர்களை ஒப்பிட்டபோதும் கொண்டக்டருக்கே நன்மை எஞ்சிநின்றது. தம் கொள்கைக்கு எதிரான சான்றைத் தாமே தேடிச்சென்ற இப்பண்பு மாணவர் யாவரும் கற்கத்தக்கது. தமது கண்டுபிடிப்பைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்த மொறிஸ், முதுமையிலும் நீந்துவதை விடாது, 2009ஆம் ஆண்டு தமது 99ஆவது வயதிற் காலமானார்.

இவ்வரலாற்றிலே நான் கருத்திற்கொள்ளும் செய்தி ஒன்றுண்டு. அந்தக் கொண்டக்டர் தேகாப்பியாசம் செய்யவேண்டுமென்று எண்ணிப் படியேறினாரல்லர். எவரும் அவருக்கு உபதேசம் செய்யவுமில்லை. வேலை அவ்வாறு அமைந்திருந்தது. நலம் தானாகவே வந்தது. சாரதியும் சோம்பேறியல்லர், வேலை அவரை இருக்கையோடு கட்டிவைத்திருந்தது. ஒழுக்கத்தின் வேறுபாடாக நாம் நினைக்கக்கூடிய ஒன்று உண்மையில் அமைப்பின் வேறுபாடாக இருந்தது.

பெரியவரா, சிற்றூழியரா?

கவலை மிகுந்தவருக்கே மாரடைப்பு வரும் என்பதும், பெரிய பதவிக்கே கவலை மிகுதி என்பதும் பலருடைய நம்பிக்கை. நிருவாகியின் நோய் என்றே அதனை ஒருகாலத்திற் குறிப்பிட்டனர். 1967ஆம் ஆண்டு இலண்டனில் வைற்ஹோல் வட்டாரத்து அரசாங்கக் கந்தோர்களில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. ஏறத்தாழ 18,000 ஆண் உத்தியோகத்தர்கள் அதில் இடம்பெற்றனர். பின்னர் அதனிற் சேர்ந்த மைக்கல் மாமட் என்னும் வைத்தியரும் அவருடைய துணைவர்களும் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு பழைய நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. கடைநிலையிலிருந்த தூதுவரும் வாயிற்காவலரும் மாரடைப்பினால் இறந்த வீதம், உச்சியிலிருந்த நிருவாகிகளின் வீதத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் அதிகமாயிருந்தது.

அன்றியும், உச்சிக்கும் அடிக்கும் இடையே மட்டும் இந்த வேறுபாடு தோன்றவில்லை. ஏணிப்படி போல, ஒவ்வொரு படி கீழிறங்கும்போதும் ஆபத்து ஒரு படி ஏறியது. இவர்களுள் எவரும் பட்டினி கிடந்தவரல்லர். யாவரும் நிலையான அரசாங்க உத்தியோகம் உடையவர். யாவருக்கும் இலவச வைத்தியம் கிடைத்தது. கீழ்ப்படியினர் அதிகம் புகைத்தனர் என்பது உண்மையே. புகைத்தல், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு முதலியவற்றை எல்லாம் கழித்துப் பார்த்தபின்னும் வேறுபாட்டிற் பாதிக்கு மேல் விளக்கமின்றி நின்றது.

அவ்விளக்கத்தைத் தேடி 1985ஆம் ஆண்டில் இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கியது. இம்முறை பெண்களும் சேர்க்கப்பட்டனர். மொத்தம் 10,308 பேர். அவர்களுடைய இரத்தத்தை மட்டுமன்றி வேலையின் தன்மையையும் விசாரித்தனர். உமது வேலையை எந்த ஒழுங்கிற் செய்வதென்று நீர் தீர்மானிக்கலாமா? உம்மைப் பாதிக்கும் முடிவுகளில் உமக்கு வாய் உண்டா? உமது திறமைக்கு அங்கே இடமுண்டா? இடர் வந்தால் மேலதிகாரி கைகொடுப்பாரா? இவைபோன்ற கேள்விகள். தம் வேலையின்மீது தமக்கு ஆளுகை இல்லை என்றவரிடத்தே இருதய நோய் மிகுந்து காணப்பட்டது. கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிற் கணிசமான பங்கை இவ்வாளுகைக் குறைவு விளக்குகின்றது என 1997ஆம் ஆண்டு எழுதினர். இக்காரணத்தின் பங்கு எவ்வளவு என்பதிலே அறிஞரிடையே விவாதம் உண்டு. அதன் திசையைப் பற்றிப் பெரிய ஐயமில்லை.

அமெரிக்கரான றொபேட் கறசெக் 1979ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு சூத்திரமாக வகுத்திருந்தார். வேலைப் பளு மட்டும் மனிதனை முறிப்பதில்லை. பளு மிகுந்து, அதனைக் கையாளும் சுதந்திரம் குறைந்தவிடத்தே மனிதன் முறிகின்றான் என்றார். பெரிய அதிகாரிக்கும் பளு உண்டு. ஆனால், கதவைச் சாத்திவிட்டு அரை மணித்தியாலம் சிந்திக்க அவருக்கு உரிமையுண்டு. வாயிற்காவலருக்கு அது இல்லை. சுடுசொல் ஒன்றைக் கேட்டபின் முகங்கழுவி வருவதற்குக்கூட அவர் அனுமதி கேட்கவேண்டும். அச்சொல் எங்கே போகும்? நாளடைவில் உடலுக்குள்ளேயே போகின்றது போலும்.

வேலை இழந்த ஊர்

அங்ஙனமாயின் வேலையே நோய்க்குக் காரணம், ஓய்வே மருந்து என்று எவரேனும் கருதக்கூடும். அதற்கு மறுமொழியாக மரியென்தால் என்னும் ஊர் நிற்கின்றது. ஒஸ்திரியாவிலே வியன்னாவுக்கு அணித்தான சிற்றூர் அது. ஊர் முழுவதும் ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்த காலத்தில் அவ்வாலை மூடப்பட்டது. 478 குடும்பங்கள் வாழ்ந்த ஊரிலே நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களில் வேலையற்றோர் இருந்தனர். மரி யகோடா, போல் லசார்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசெல் ஆகிய இளம் அறிஞர் மூவரும் துணைவரோடு அங்கே சென்று ஆராய்ந்து 1933ஆம் ஆண்டிலே நூலொன்றை வெளியிட்டனர். சும்மா பார்த்துக் குறிப்பெழுதுபவராக எவரும் அவ்வூரிற் கால் வைக்கலாகாது, ஊருக்குப் பயன்படும் வேலையொன்றையும் செய்தல் வேண்டும் என்பது அவர்கள் தமக்கே விதித்துக்கொண்ட நியதி. வியன்னாவிலே உடுப்புகள் சேகரித்துக் கொண்டுசென்றனர்; வைத்திய ஆலோசனை அளித்தனர்; தையல் வகுப்பும் நடத்தினர்.

வேலை போனபின் மக்களுக்கு நேரம் மிஞ்சியது. மிஞ்சிய நேரத்திலே அவர்கள் நிறைய வாசித்திருப்பார்கள் என நாம் எண்ணுவோம். நிகழ்ந்தது வேறு. வாசிகசாலையிற் புத்தகம் இரவல் பெறுவது இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதுவும், முன்பு வாங்கிய கட்டணத்தை நீக்கி இலவசமாகக் கொடுத்தபோது! ஆடவர் தெருவிலே நடக்கும் வேகத்தை ஆராய்ச்சியாளர் மறைவில் நின்று அளந்தனர். நடை தளர்ந்திருந்தது. வழியிலே பலர் மீண்டும் மீண்டும் நின்றனர். பெரும்பாலோர் கையிற் கடிகாரம் கட்டவில்லை. மணி பார்த்து ஆவதென்ன? பெண்களுக்கோ வீட்டு வேலை இருந்தது. அவர்கள் விரைந்தே நடந்தனர்.

ஊதியத்தைத் தவிர வேறு ஐந்து நன்மைகளையும் வேலை தருகின்றது எனப் பிற்காலத்தில் யகோடா வகுத்துக் காட்டினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதரின் கூட்டுறவு, தன்னினும் பெரிய நோக்கமொன்றிற் பங்கு, சமுதாயத்தில் ஓர் அடையாளம், இடைவிடாத முயற்சி என்பன அவை. வேலை இழந்தவன் சம்பளத்தோடு இவ்வைந்தையும் ஒருங்கே இழக்கின்றான். இளைப்பாறிய ஆசிரியர் சிலர் ஓராண்டுக்குள் உருவம் மாறிப் போவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆகவே, வேலையை ஒழிப்பது பரிகாரமன்று; வேலையை மனிதனுக்கு ஏற்றவாறு அமைப்பதே பரிகாரம்.

நம் நிலை

இவையெல்லாம் மேனாட்டார் கதை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். வேலை நேரத்தைச் சட்டத்தால் வரையறுப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று எல்லை வகுத்தது. எல்லை எதற்காக என்பதற்கு அண்மைக் காலத்தே தெளிவான விடை கிடைத்துள்ளது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021ஆம் ஆண்டு ஒரு கூட்டு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவரைவிடப் பாரிசவாதம் வரும் ஆபத்து 35 வீதமும், இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் அதிகம் என்பது அம்மதிப்பீடு. 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர உழைப்போடு தொடர்புற்று இறந்தோர் 7,45,000 பேர். சட்டம் கடைக்குள் நின்றுவிடுகின்றது. கைத்தொலைபேசியோ வீட்டுக்குள்ளும் வந்துவிடுகின்றது. இரவு பத்து மணிக்கு அதிகாரியின் செய்தி வந்து விழும்போது அந்த எட்டு மணித்தியாலம் எங்கே போயிற்று?

பாடசாலையை எடுத்துக்கொள்வோம். மாணவரின் மனநலத்தைப் பற்றி நாம் பேசத் தொடங்கிவிட்டோம், நல்லதே. ஆசிரியரின் மனநலத்தைப் பற்றி ஆசிரியர் அறையிலே பேச்செழுந்து நான் கேட்டது அரிது. முப்பத்தைந்து ஆண்டு கற்பித்த ஒருவர் வகுப்புக்குச் செல்லவே நெஞ்சு படபடக்கின்றது என்று என்னிடம் தனித்துச் சொன்னதுண்டு. அதனை அறையில் உள்ளோர் கேட்கச் சொல்ல அவரால் இயலவில்லை. “பிரஷர்” என்றார், “சீனி” என்றார், விடுமுறைக் கடிதத்திற் காய்ச்சல் என்றே எழுதினார். உடலின் நோய்க்கு இரக்கம் கிடைக்கும், உள்ளத்தின் நோய்க்குப் பெயர்தான் கிடைக்கும் என்ற அச்சமே அதற்குக் காரணம். வேலையாலான ஓயாத மனவழுத்தம் முறையாகக் கையாளப்படாதபோது மனிதன் எரிந்து தீர்ந்தவன்போல் ஆகிவிடுவதை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலே தனது நோய் வகைப்பாட்டிற் குறித்தது. ஆனால், அதனை ஒரு நோய் என்று குறிக்கவில்லை. தொழில் சார்ந்த ஒரு நிகழ்வு என்றே குறித்தது. குறை மனிதனிடத்தில் மட்டும் இல்லை என்பதன் ஒப்புதலாகவே நான் அதனைக் கொள்கின்றேன்.

யோசனையும் மரத்தடி வாங்கும்

யாழ்ப்பாணத்து வழக்கிலே “யோசனை” என்ற சொல்லுக்குச் சிந்தனை என்பதோடு கவலை என்ற பொருளும் உண்டு. “யோசியாதையுங்கோ” என்று ஆறுதல் சொல்வோம். “யோசனை கூடிப்போச்சு” என்று நோயைச் சொல்வோம். ஆபிரிக்காவிலே சிம்பாப்வே நாட்டுச் சோனா மொழியிலும் இதற்கு நிகரான சொல்லொன்று உண்டு. “குபுங்கிசிசா” என்பது அது. அளவுக்கு மீறிச் சிந்தித்தல் என்பது பொருள். கடல் கடந்த இரு மக்கள் ஒரே துன்பத்துக்கு ஒரே விதமாகப் பெயரிட்டமை வியப்புக்குரியது.

அந்நாட்டு மனநோய் வைத்தியர் டிக்சன் சிபண்டா என்பவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண்ணொருத்தி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். வைத்தியசாலைக்கு வர அவளிடம் பஸ் கட்டணம் இருக்கவில்லை எனப் பின்னரே அவர் அறிந்தார். நோயாளி வைத்தியரிடம் வர இயலாதெனில் வைத்தியம் நோயாளியிடம் செல்லவேண்டும் என்று அவர் துணிந்தார். நாட்டிலே மனநோய் வைத்தியரோ மிகச் சிலர். தாதியரும் கிடைக்கவில்லை, அறையும் கிடைக்கவில்லை. 2006ஆம் ஆண்டிலே ஹராரே நகரிற் பதினான்கு பாட்டிமாருக்கு அவர் பயிற்சியளித்தார். வைத்திய நிலையத்தின் வெளியே மரநிழலில் ஒரு வாங்கு போடப்பட்டது. முதலில் அதற்கு மனநல வாங்கு என்று பெயர். ஒருவரும் வந்து அமரவில்லை. பாட்டிமாரின் யோசனைப்படி அதனை நட்பு வாங்கு என்று மாற்றினர். மக்கள் வந்தனர்.

அங்கே நடப்பது மந்திரமன்று. பாட்டி கேட்கின்றார், இடைமறியாது கேட்கின்றார். வந்தவருடைய பல தொல்லைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் செய்யக்கூடியது என்ன என்று அவரையே கண்டுபிடிக்கச் செய்கின்றார். அடுத்த முறை வரும்போது அது எவ்வாறு போயிற்று என்று விசாரிக்கின்றார். 573 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2016ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஆறு மாதத்தின்பின் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐம்பது பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் எஞ்சியிருந்தன. வாங்கில் அமர்ந்தோரிலோ நூற்றுக்குப் பதினான்கு பேரிடமே எஞ்சியிருந்தன. பாட்டிமாரும் வாங்குகளும் நம்மிடம் இல்லையா? ஒவ்வொரு குறிச்சியிலும் வாசிகசாலை உண்டு, சனசமூக நிலையம் உண்டு. கடும் நோய்க்கு வைத்தியசாலையே வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. அதற்கு முந்திய நிலையில் செவிகொடுப்பதற்கு நம் ஊர்களுக்கு வசதி போதாது என்று சொல்லமுடியாது.

நம் நாடு கற்பித்த பாடம்

உலகுக்கு நம் நாடே கற்பித்த பாடமும் ஒன்றுண்டு. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவை எட்டியிருந்தது. அது உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. மனவலிமை குறைந்த மக்கள் என்று நம்மைப் பற்றிச் சொல்வது அப்பொழுது எளிதாயிருந்திருக்கும். ஆனால், அவ்வாண்டு தொடக்கம் மிகக் கொடிய வேளாண் நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1998ஆம் ஆண்டில், உயிர்விட முயன்றவரைக் குற்றவாளியாக்கும் சட்டமும் நீக்கப்பட்டது. இரு தசாப்தங்களில் அவ்வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு வீழ்ந்தது. நஞ்சுத் தடைகளினால் 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சல் குன்றவுமில்லை.

இதன் பொருளை நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். துயரத்தின் உச்சத்தில் நின்றவருக்கும் சாவுக்கும் இடையிலே நாடு ஒரு தடையை வைத்தது. அந்த வேளை கழிந்தது, அவர் வாழ்ந்தார். வாழ்ந்தவர்கள் மனவலிமை குறைந்தவர்களாக இருந்திருப்பின் அடுத்த நாளே வேறு வழியை நாடியிருப்பர். அவர்களுட் பெரும்பாலோர் அவ்வாறு செய்யவில்லை. சூழலைத் திருத்தியமை உயிரைக் காத்தது. இன்றும் மனம் ஒடிந்தவர் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசலாம். தேசிய மனநல நிறுவகம் அதனை நடத்துகின்றது. 1974ஆம் ஆண்டு தொடங்கிய சுமித்ரயோ நிறுவனமும் செவிகொடுத்து வருகின்றது. இவ்விலக்கம் ஒவ்வொரு கந்தோரின் அறிவித்தற் பலகையிலும் ஆசிரியர் அறையிலும் எழுதப்படுமாயின் அதற்குச் செலவு ஒரு காகிதமும் நான்கு குண்டூசியும் மட்டுமே.

செய்யத்தக்கவை

தனிமனிதன் ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று நான் வாதிக்கவில்லை. நடத்தலும், அளவோடு உண்டலும், புகை தவிர்த்தலும், நேரத்தோடு உறங்கலும் அவரவர் கையில் உள்ளவை. மொறிஸ் அதற்கு வாழ்ந்து சான்று காட்டினார். நான் மறுப்பது, வேலையை ஒருபுறம் நெரித்துக்கொண்டு மறுபுறம் ஊழியரைத் தியான வகுப்புக்கு அனுப்பும் போக்கையே. நச்சுப் புகை நிறைந்த அறையிலே மூச்சுப் பயிற்சி கற்பிப்பதனால் ஆவதென்ன? முதலிற் சாளரத்தைத் திறக்கவேண்டும்.

வேலை கொடுப்போர்க்கும் தலைமை தாங்குவோர்க்கும் மூன்று கடமைகள் உண்டெனக் கருதுகின்றேன். முதலாவது, வேலையின் அளவையும் நேரத்தையும் எல்லைக்குள் வைத்தல். இரண்டாவது, வேலையைச் செய்பவருக்கே அதன் ஒழுங்கில் வாய் கொடுத்தல். நேரசூசியை எழுதுமுன் ஆசிரியரைக் கலந்துகொள்ளும் அதிபருக்கு அதனாற் பணமொன்றும் செலவாவதில்லை. என் அனுபவத்தில் அத்தகைய அதிபரின் கீழ்க் காய்ச்சற் கடிதங்கள் குறைவாகவே வரும். மூன்றாவது, பிறர்முன் கடிந்து பேசும் வழக்கத்தை அறவே ஒழித்தல். பிழையைத் தனியே அழைத்துச் சொல்லலாம். நன்றியைப் பலர்முன் சொல்லலாம். நம்மிற் பலர் இதனை நேர்மாறாகவே செய்துவருகின்றோம்.

உடன் உழைப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கியிருப்பவரை, சிரிப்பை மறந்தவரை, அடிக்கடி விடுமுறை எடுப்பவரை “என்ன சேர், ஒரு மாதிரி இருக்கிறியள்?” என்று தனித்துக் கேட்பதே அது. கேட்டபின் புத்தி சொல்லாது பொறுமையாயிருத்தல் அதனினும் கடினமான கடமை. மாணவர்க்கும் இது பொருந்தும். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்று அழும் தோழனுக்கு முதலில் வேண்டியது பெறுபேறு பற்றிய விளக்கமன்று.

ஆசிரியர் சங்கங்களும் இலக்கிய வட்டங்களும் ஆண்டுதோறும் ஒக்டோபர் 10ஆம் திகதி, உலக மனநல நாளன்று, கூட்டம் கூட்டிப் பேசுவதுண்டு. இவ்வாண்டு பேச்சாளரை அழைப்பதற்கு முன்னர் ஒரு சிறு காரியத்தைச் செய்து பார்க்கலாம். தத்தம் வேலைத்தலத்தில் உள்ளோரிடம், பெயர் எழுதாத துண்டுக் காகிதத்திலே, இரண்டு கேள்விகளுக்கு விடை கேட்கலாம். இவ்வேலையில் உம்மை மிகவும் வருத்துவது எது? அதனை மாற்றுவதற்கு உமக்கு உரிமை உண்டா? அக்காகிதங்களை வாசித்தபின் கூட்டத்திலே பேசுவதற்குப் பொருள் தேடி எவரும் அலையவேண்டியிராது. அவற்றில் ஒன்றையேனும் அடுத்த தவணைக்குள் திருத்திவிட்டால், அதுவே பல சொற்பொழிவுகளிலும் மேலான வைத்தியமாகும்.